வெளிச்சத்துக்கு இரண்டு வாசல்

வெளிச்சத்தை ஆராய்கிற தொழிலுக்கு முதலில் வேண்டியது நல்ல இருட்டு. அது நாகர்கோவிலில் லேசில் கிடைக்காது.

கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை பார்த்த மகராசன்கள் யாராவது இதைப் படித்தால், சற்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும். புரபஸர் வகுப்பில் ஒன்றைச் சொல்லிவிட்டு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போய்விடுவார். அதைச் செய்து காட்டுகிற தலைவிதி நம்முடையது. பாட்டரி செத்தாலும் நாம்தான் பொறுப்பு, கண்ணாடி உடைந்தாலும் நாம்தான் பொறுப்பு, பிரபஞ்சமே புரியாமல் போனாலும் நாம்தான் பொறுப்பு.

அப்போது எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம். பௌதிக இலாகாவில் நான் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர், பெயர் சிவதாணு. கமிட்டி மனசு வைத்தால் வருஷா வருஷம் நீட்டிப்பு. வைக்காவிட்டால் கோட்டாற்றில் என் மாமாவின் மிளகாய்வற்றல் கடை. எனக்கு வற்றல் நெடி ஆகாது. கடைக்குள் காலை வைத்தால் தும்மல் நிற்காது.

எங்கள் புரபஸருக்கு அந்த வருஷம் ஒரு பித்துப் பிடித்தது. வெளிச்சம் அலையா, துகளா? கறுப்பு மை பூசிய கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் போட்டு, அந்த வழியாக வெளிச்சத்தை விட்டால், எதிரே இருக்கும் போட்டோ பிளேட்டில் வரிவரியாகக் கோடுகள் விழும். இரண்டு வாசலிலும் அலைகள் புகுந்து வந்து ஒன்றோடொன்று மோதுவதால் அந்தக் கோடு. இதுவரை சரி. ஆனால் வெளிச்சம் துகள் துகளாக வருகிறது என்பதற்கும் அசைக்க முடியாத சாட்சி இருக்கிறது. அப்படியானால் விளக்கைக் குறைத்துக் குறைத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு துகள்தான் பெட்டிக்குள் இருக்கும் என்கிற அளவுக்குக் கொண்டுவந்தால்? தனியாக வருகிறவன் யாரோடு மோதுவான்? ஏதாவது ஒரு வாசலில் நுழைந்து, பேசாமல் நேரே போகவேண்டியதுதானே? ஆனால் அப்போதும் கோடு விழும் என்று புத்தகம் சொல்கிறது. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"புத்தகம் சொல்லும் வே. நாம கண்ணால பாக்கண்டாமா?" என்றார் புரபஸர். அதில் 'நாம' என்றது என்னைத்தான்.

ஆசாரியிடம் இருட்டுக் கேட்டது

வராந்தாக் கோடியில் ஒரு பழைய சாமான் அறை. அதைக் காலி செய்து இருட்டறையாக்கச் சொன்னார்கள். ஓட்டில் ஓட்டை, கதவில் இடுக்கு, ஜன்னலில் விரிசல். ஆசாரியைக் கூப்பிட்டு, பொட்டு வெளிச்சம் உள்ளே வரக்கூடாது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் இரண்டு கதவு சேர்த்தடித்து, இடுக்கில் எல்லாம் கறுப்புத் துணி வைத்துத் தைத்து, கூரைக்குக் கீழே பலகை பாவினார். வேலை முடிந்து உள்ளே நின்று பார்த்தோம். என் கை எனக்கே தெரியவில்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

வெளியே வந்ததும் ஆசாரி உளியைத் துடைத்தபடி, "சாரே, இதுக்குள்ள அப்படி என்னத்த வைக்கப்போறிய?" என்று கேட்டார். வெளிச்சத்தைத்தான் என்றேன். அவர் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே வழி தவறிப் போயிற்று. ஆசாரி உளியைப் பைக்குள் போட்டார். "வெளிச்சந்தான் வேணும்னா அதுக்குக் கதவு எதுக்கு? சொல்லுங்க, இப்பவே ரெண்டையும் கழத்தித் தந்துட்டுப் போறேன்."

செக்ரட்டரி பார்வையிட்டது

பெட்டியும் தயாரானது. ஒரு கோடியில் தகரக் கூட்டுக்குள் சின்ன மண்ணெண்ணெய் விளக்கு, அதற்கு ஒரு ஊசித்துளை, துளைக்கு முன்னால் புகைபிடித்த கண்ணாடித் துண்டுகள், நடுவில் இரண்டு கீறல், மறுகோடியில் பிளேட் வைக்கும் சட்டம். பிளேட் இன்னும் பம்பாயிலிருந்து வந்து சேரவில்லை. வராதது நல்லதாகப் போயிற்று.

கமிட்டி செக்ரட்டரி ஒருநாள் ஆராய்ச்சியைப் பார்வையிட வந்தார். கதவை மூடிவிட்டுத்தான் காட்ட முடியும் என்றேன். சரி என்று வந்தார். மூடினேன். பிறகு டார்ச் பளீரென்று என் மூஞ்சியில் அடித்தது. "ஐயோ, அணையுங்க சார்!" என்று கத்திவிட்டேன். அணைத்தார். மறுபடி இருட்டு. மறுபடி டார்ச். இப்படி மூன்று நாலு தரம். வெளியே வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு, இந்த அறை டைப்ரைட்டிங் வகுப்புக்கு ஏற்ற இடம் என்றார். பூஜை விடுமுறை முடிந்ததும் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெரியவர் இலாகாவைப் பார்வையிட வருகிறாராம். அவர் முன்னால் ஏதாவது காட்டினால் அறை இருக்கும், உங்கள் வேலையும் இருக்கும். இல்லாவிட்டால் ரெண்டும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

என் முகம் விழுந்ததைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். தோளைத் தட்டிக்கொடுத்து, வெளியே நின்ற புரபஸரிடம் திரும்பினார். "பையன் நல்ல பையன்தான். ஆனா நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேனே, உள்ள ஒண்ணுமே நடக்கல்லையே?"

தாலுகா கேள்வி

பி.எஸ்ஸி. வகுப்புக்கு இந்தச் சமாசாரத்தை நான் ஒருமுறை சொல்ல நேர்ந்தது. புரபஸருக்கு அன்று வயிற்றுவலி. எனக்குப் புரியாததை அறுபது கண்கள் எதிரே சொல்லவேண்டிய வலி என்னுடையது. போர்டில் இரண்டு வாசல் வரைந்தேன். ஒரே ஒரு துகள் வருகிறது என்றேன். எந்த வாசலில் போகும் என்றார்கள். இதில் என்று சொல்லமுடியாது, அதில் என்றும் சொல்லமுடியாது, கோடு விழுவதைப் பார்த்தால் இரண்டிலுமே போனமாதிரி இருக்கிறது என்றேன். அப்படியானால் வாசலில் நின்று பார்த்துவிட்டால் தீர்ந்ததே என்றார்கள். எந்த வாசல் என்று எட்டிப் பார்த்தால், ஒரு வாசலில் மட்டும்தான் போகும். ஆனால் கோடு அழிந்துபோகும் என்றேன். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே ஒருமுறை கேட்கவேண்டும் போலிருந்தது.

தென் தாலுகாக்கள் திருவனந்தபுரத்தோடு இருப்பதா, சென்னையோடு சேருவதா என்று ஊர் கொதித்துக்கொண்டிருந்த சமயம் அது. பாதி நாள் ஸ்டிரைக். கடைசி பெஞ்சிலிருந்து லூர்து எழுந்தான். கடியப்பட்டணத்துப் பையன், அப்பாவுக்கு வள்ளமும் வலையும். வகுப்பிலேயே எதையும் நம்பாத ஒரே ஆள். என்னடா என்றேன். கேலி செய்கிறானா, நிஜமாகவே கேட்கிறானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "அப்பிடின்னா சாரே, எங்க கல்குளம் தாலுகாவயும் ஒருத்தரும் எட்டிப் பாக்காம விட்டா, அது பாட்டுக்கு ரெண்டு ராஜ்யத்திலயும் இருக்குமோ?"

மாமா சொன்ன தீர்ப்பு

மாமா கோபக்காரர் இல்லை. அதுதான் கஷ்டம். கோபித்தால் நானும் கோபித்துவிட்டு வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனால் வற்றல் மூட்டை மேல் துண்டை விரித்து உட்காரச் சொல்லுவார். நான் தும்மி முடிக்கும் வரைக்கும் பொறுமையாக இருப்பார். பிறகுதான் பேச்சு.

"செரி மக்கா, நீ அங்க செய்யுத வேலை என்னன்னு எனக்குப் புரியும்படியா ஒருதரம் சொல்லு" என்று கேட்டார். நானும் மனப்பூர்வமாகச் சொன்னேன். அலை சொன்னேன், துகள் சொன்னேன், கீறல் சொன்னேன். வியாபாரத்துக்கு வந்தவர்களும் நின்று கேட்டார்கள். ஒருத்தர் சரக்கு வாங்காமலே போய்விட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமா என் முதுகைத் தடவினார். நிஜமாகவே என்னைப் பற்றிக் கவலைப்பட்டார் என்று அந்தத் தடவலிலேயே தெரிந்தது. "வெளிச்சம் அந்த வழியா வந்தா என்ன, இந்த வழியா வந்தா என்ன மக்கா? விளக்கு எரியுதா? சாமான் தெரியுதா? வந்து கல்லாவுல இரு."

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு அழுகையே வந்தது. கடை வெறும் தும்மல்தான், பழகிவிடும். ஆனால் அந்தக் கோடுகளை ஒரே ஒருதரம்கூட என் கண்ணால் பார்க்காமல் போய் உட்கார்ந்துவிடுவேனோ என்பதுதான் பயம். இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? கிளம்பும்போது வாசலில் நின்ற மாமி மட்டும் மாமாவிடம் ஒன்று சொல்லியிருந்தாள். "அவன் மனசு இங்க இல்ல, அங்கயும் ஒழுங்கா இல்ல. எங்க இருக்குன்னு ஆரு கண்டா?"

விளக்கு ஏற்றாமல் விழுந்த படம்

பம்பாயிலிருந்து பிளேட் வந்தது. கப்பலிலும் ரயிலிலும் ஈரம் குடித்து, தேறியது மூன்றே மூன்று. வேறு வரவழைக்க நேரமில்லை.

கல்லூரியை ஒட்டி பஸ் போகிற ரோடு. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பெட்டி நடுங்கியது. இப்படி நடுங்கினால் கோடு விழாது. பெட்டிக்கு அடியில் கனமாக ஏதாவது கொடுக்கவேண்டும் என்றார் எங்கள் அட்டெண்டர் தங்கப்பன். பத்மநாபபுரத்துக்காரர், லாபின் சாவிக்கொத்து இடுப்பில் இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை. மணல் மூட்டை என்று முடிவாயிற்று. லூர்து, தங்கள் ஊர்ப் பக்கம் மணவாளக்குறிச்சியில் கிடைக்கிற கறுப்பு மணல்போலக் கனம் எதுவும் கிடையாது என்று சொல்லி, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தே விட்டான். அடியிலும் பக்கத்திலும் மூட்டைகளை அடுக்கினோம். பஸ் போனால் பெட்டி அசையவில்லை. தங்கப்பன் நாள் தவறாமல் விளக்குக்கு எண்ணெய் விட்டார். வாரங்கள் போயின. முதல் பிளேட்டை எடுத்துக் கழுவினால், சோற்றுப்பானை அடிபோல முழுக்கக் கறுப்பு.

வெளிச்சம் கசிந்துவிட்டது என்று நினைத்தோம். ஆசாரியைத் திட்டினோம், தங்கப்பனின் பீடியைச் சந்தேகப்பட்டோம், பிளேட் வருவதற்கு முன்னாலேயே அடித்த செக்ரட்டரியின் டார்ச்சைக்கூட. புரபஸர் மட்டும் மணல் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வே, இந்த மண்ணைக் கப்பல்ல ஏத்தி சீமைக்குக் கொண்டுபோறானே, எதுக்காக்கும்? இதுல தோரியம் கெடக்கு வே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். சந்தேகம் தீர்க்க, இரண்டாவது பிளேட்டைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி மணல் மேல் வைத்தோம். மணலுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் தங்கப்பனின் சாவி ஒன்று. விளக்கே ஏற்றவில்லை. சில நாள் கழித்துக் கழுவினால், கறுப்புக்கு நடுவே பல்லும் வளையமுமாகச் சாவியின் நிழல் வெள்ளையாகத் தெரிந்தது.

கேட்ட வெளிச்சம் வரவில்லை. கேட்காதது எங்கிருந்தோ வந்திருக்கிறது. மண்ணிலிருந்து துகள் தானாகத் தெறித்து வருகிறது, எது எப்போது தெறிக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்லமுடியாது என்று புரபஸர் விளக்கினார். நான் பிளேட்டைப் பார்த்தபடி நின்றேன். லூர்து பிளேட்டைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான். "சாரே, நாங்க பொறந்ததுலேருந்து அந்தக் கடப்புறத்து மண்ணுலதானே படுத்துக் கெடக்கோம். அப்ப எங்களுக்குள்ள என்ன படம் விழுந்து கெடக்கும்?"

பூஜை வைப்பு

மிஞ்சியது ஒரே பிளேட். கறுப்பு மணலை ஒரு பொடி விடாமல் பெருக்கி வெளியேற்றி, பழையாற்று மணலை மூட்டை கட்டி அடுக்கினோம். பிளேட்டைச் சட்டத்தில் போட்டேன். புரபஸர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பெரியவர் வருகிற நாள் வரைக்கும் விளக்கு ஒரு பொழுதும் அணையாமல் எரிந்தால்தான் பிளேட்டில் ஏதாவது தெரிகிற அளவுக்கு வெளிச்சம் சேரும். கூடுதலாக ஒருநாள்கூடக் கையில் இல்லை. "அணைஞ்சுதோ, நீரு கோட்டாத்துக்கு, நான் வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டார்.

நடுவில் சரஸ்வதி பூஜை விடுமுறை வந்தது. நான் அறைக்கு வெளியிலேயே பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறேன் என்றேன். தங்கப்பன் விடவில்லை. "நான் இருக்கும்போ சாருக்கு என்ன விசாரம்? அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாங்க. எண்ணெய் விடுத பொறுப்பு எனக்க பொறுப்பு" என்று பையை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினார். திற்பரப்பில் அக்கா வீடு. அருவியில் தலையைக் கொடுத்து நின்றாலும் எனக்குக் கண்ணுக்குள் அந்த விளக்குத்தான். தண்ணீர் தலையில் விழும்போது, இது துளித்துளியாக விழுகிறதா, ஒன்றாக விழுகிறதா என்று யோசித்து வழுக்கி விழப் பார்த்தேன். அத்தான் கையைப் பிடித்து இழுத்தார்.

விஜயதசமிக்கு மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி ஓடினேன். வராந்தாவில் டைப்ரைட்டிங் மிஷின்கள் வந்து உட்கார்ந்திருந்தன. செக்ரட்டரி அவ்வளவு நிச்சயமாக இருந்தார். இருட்டறைக்குள் போய்த் தகரக் கூட்டைத் தொட்டுப் பார்த்தேன். சூடு. விளக்கு எரிகிறது. எனக்கு உயிர் வந்தது. பெட்டி மேல் சந்தனம், குங்குமம், வாடிய பிச்சிப்பூ. பின்னால் வந்து நின்ற தங்கப்பனிடம், ஒரு தொந்தரவும் இல்லையே என்று கேட்டேன். அவர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். "ஒரு குறையும் இல்ல சாரே. எல்லாம் முறைப்படியாக்கும் நடந்திருக்கு."

பெரியவர் வந்த நாள்

திருவனந்தபுரத்துப் பெரியவர் மெலிந்த ஆள், வெள்ளை ஜிப்பா, பேச்சு பாதி தமிழ் பாதி மலையாளம். செக்ரட்டரி மாலை போடப் போனபோது வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, நேரே இருட்டறை எங்கே என்று கேட்டார். சின்ன சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் அவர், புரபஸர், செக்ரட்டரி, நான், தங்கப்பன் ஐந்து பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். டார்ச்சை முன்னாடியே செக்ரட்டரியிடமிருந்து தங்கப்பன் மரியாதையாக வாங்கி வைத்துவிட்டார்.

பிளேட்டை மருந்துத் தட்டில் போட்டேன். தட்டை ஆட்டினேன். ஒன்றும் வரவில்லை. மேலும் ஆட்டினேன். புரபஸர் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. தெய்வமே, வற்றல் மூட்டையைத் தூக்கச் சம்மதம், ஒருதரம் காட்டிவிடு என்று மனசுக்குள் கும்பிட்டேன். அப்போது நடுவில் ஒரு சாம்பல் கோடு எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. மங்கல்தான். ஆனாலும் கோடு, இடைவெளி, கோடு, இடைவெளி. தனித்தனியாக வந்த துகள்கள் போட்ட கோலம். "வந்துட்டு வே! வந்துட்டு!" என்று புரபஸர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். எனக்குக் கண்ணீர் தட்டில் விழுந்துவிடுமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வெளியே வந்து பிளேட்டை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பெரியவர் நெடுநேரம் பார்த்தார். "கொள்ளாம், நல்லாயிருக்கு" என்றார். பிறகு, நிறம் கொஞ்சம் குறைவாக இருக்கிறதே, விளக்கு இடையில் அணையாமல் எரிந்ததுதானா என்று கேட்டார். ஒரு நொடிகூட அணையவில்லை சார் என்றேன் நான், நெஞ்சை நிமிர்த்தி. பின்னால் தங்கப்பன் தொண்டையைச் செருமினார்.

"அப்பிடிச் சொல்லப்பிடாது சாரே. பூஜை வைப்புக்கு நான் அணைச்சு வச்சேன்லா?"

தங்கப்பன் ஒரு ஒளிவும் இல்லாமல் சொன்னார்: நவராத்திரிக்கு எங்கள் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி அம்மன் யானை மேலேறி எங்கள் வீட்டு வாசல் வழியாக்கும் திருவனந்தபுரம் போவாள். அஷ்டமிக்குப் பூஜை வைத்தால் தசமிக் காலைப் பூஜை எடுக்கும்வரை தொழில் சாமான் எதுவும் அசையக்கூடாது. தராசு, லென்ஸ், மீட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. இந்தப் பெட்டியும் தொழில் செய்யுத சாமான்தானே? அதைமட்டும் வேலை வாங்கலாமா? அம்மனுக்கு ஆகுமா? அதனால் விளக்கை அணைத்தேன். தசமிக் காலையில் குளித்துவிட்டு வந்து ஏற்றினேன். எண்ணெய் விடுவதாகத்தான் சாரிடம் ஒப்புக்கொண்டேன். பூஜை நாளில் எரியவிடுவதாகச் சொல்லவில்லையே.

புரபஸர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். செக்ரட்டரியின் பார்வை டைப்ரைட்டிங் மிஷின்கள் பக்கம் போயிற்று. ஆராய்ச்சி கெட்டது, பொய் சொன்னவனும் ஆனேன். கடைக்குப் போகும்போது மாமாவிடம் என்ன சொல்வது என்று நான் யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன். பெரியவர் மட்டும் தங்கப்பனை நெருங்கி வந்து கேட்டார். பெட்டியை நகர்த்தினாயா? இல்லை. பிளேட் பக்கம் திறந்தாயா? "ஐயோ, அது தொடப்பிடாதுன்னு எனக்குத் தெரியாதா? பொட்டு மேலாக்கிலதான் வச்சேன்." ஏற்றும்போது விளக்கு இடம் மாறியதா? இல்லை, கூட்டுக்குள் ஒரே குழிதான்.

பெரியவர் மறுபடி பிளேட்டை எடுத்து வெயிலில் பிடித்தார். "பூஜைக்கு முன்னே வந்தது எல்லாம் வந்து தீர்ந்து போயி. பின்னே வந்தது வேறெ. ரெண்டுக்கும் இடையில ரெண்டு நாள் ஒரே இருட்டு" என்று தனக்குத்தானே சொல்வதுபோல ஆரம்பித்தார். "கோடு ஒண்ணுதான். ஒரு துகளுக்கு அடுத்த துகளெத் தெரியாது. முன்னே வந்தவன் எங்கே விழுந்தான்னு பின்னே வந்தவனுக்கு ஆரு சொல்லிக் கொடுத்தது?" தங்கப்பனுக்கு ஒரு பதில் இருந்தது. கும்பிட்ட கையோடு வானத்தைக் காட்டினார். பெரியவர் அதை மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை.

செக்ரட்டரிக்குப் பொறுக்கவில்லை. சார் இவ்வளவு படித்தவர், சார் சொன்னால் கமிட்டி கேட்கும், இவர்கள் செய்தது சரியா தப்பா, இதெல்லாம் என்னவென்று சாருக்காவது புரிந்ததா, புரிந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அறையை என்ன செய்வதென்று முடிவு பண்ணிவிடலாம் என்றார். பெரியவர் பிளேட்டைத் துணியில் பதமாகச் சுற்றி என் கையில் தந்தார். பிறகு அவர் சொன்னதைக் கேலி என்று நினைத்துச் செக்ரட்டரி சிரித்தார். ஆனால் பெரியவர் கேலி செய்யவில்லை. "எனக்கும் மனசிலாகல்லெ. அதுகொண்டாக்கும் அந்த இருட்டறை இங்கே இருக்கணும், இந்தப் பையனும் இருக்கணும்."

வெளிச்சம் எப்படிப் போகிறது என்று கடைசிவரை தெரியாத ஒருவனுக்கு, அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையை அந்த மாதமே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார்கள்.